திரும்பி வரும் வழிக்கு ஒரு கருவி

கடலுக்குப் போக ஜி.பி.எஸ். தேவையில்லை. விடியும் நேரத்தில் கிழக்கே பார்த்துத் துடுப்புப் போட்டால் தூத்துக்குடியில் யாரும் கடலுக்குள் போய்விடலாம். கருவிக்கு வேலை வருவது திரும்பும்போதுதான். அதனால் கடையில் கருவியைக் கையில் எடுக்கிறவர் தான் கரை திரும்பும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். பொழுது சாயும் நேரம், முகத்துக்கு நேரே வெயில், நனைந்த கை, உப்புப் பூத்த திரை, பாதி தீர்ந்த பேட்டரி, களைத்துப்போன மூளை. என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

எனக்குக் கடல் இல்லாத ஊர். சுந்தரபாண்டியத்தில் மேற்கே பார்த்தால் மலை, மற்றப் பக்கமெல்லாம் கண்மாயும் வயலும். கையடக்க ஜி.பி.எஸ். எனக்குப் பழகியது மலையில். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்ட காடு அது. கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களாகப் போகிறவர்கள் செண்பகத்தோப்புப் பக்கம் இந்தக் கருவியோடுதான் நடப்போம். பிறகு நண்பர்களோடு தூத்துக்குடிக் கரையில் கயாக் பழகினேன். மலையில் நல்ல பேர் வாங்கிய கருவி கடலிலும் அப்படியே வாங்கும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. உண்மையில் இரண்டுக்கும் வேண்டியவை வேறு.

அடர்ந்த மரங்களுக்குக் கீழே சிக்னல் தடுமாறும். பாறையில் பட்டுத் திரும்பும் அலைகள் இருப்பிடத்தைத் தள்ளிக் காட்டும். அங்கே நல்ல ஆண்டெனாவுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. கடலில் வானம் முழுவதும் திறந்து கிடக்கிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை மறைக்க அங்கே எதுவும் இல்லை. சாதாரணக் கருவியே சில மீட்டர் பிசகுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. அந்தக் காலத்தில் துல்லியம் பற்றிக் கவலைப்பட்டது நியாயம். இன்று படகுக்காரர் அதற்கென்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

எதற்குச் செலவழிக்கலாம்? முதலில் பட்டனுக்கு. தூத்துக்குடியில் ஒரு வல்லக்காரரிடம், “அண்ணாச்சி, கருவியில எதைப் பார்த்து வாங்குவீங்க?” என்று கேட்டேன். “எழுத்து பெருசாத் தெரியணும், தம்பி. பட்டனைத் தடவினாலே எதுன்னு வெளங்கணும். மத்ததெல்லாம் பொறவு” என்றார். தொடுதிரையில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விழுந்தால் அதையே விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகப் பக்கம் மாறும். கையுறை போட்டால் விரலையும் கண்டுகொள்ளாது. கருவியில் ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும்: ஆள் தண்ணீரில் விழுந்த இடத்தை ஒரே அழுத்தில் குறித்துக்கொண்டு அங்கேயே திரும்ப வழிகாட்டும் ‘எம்.ஓ.பி.’ வசதி. இதை மெனுவுக்குள் நாலு படி இறங்கித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கருவியை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது மிதப்பு. ஐ.பி.எக்ஸ்.7 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்; மிதக்கும் என்று அர்த்தமில்லை. கார்மின் நிறுவனத்தின் இ-டிரெக்ஸ் வகைகள் தண்ணீரைத் தாங்கும், ஆனால் மூழ்கிவிடும். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 78 மிதக்கும். எங்கள் பக்கம் இதைச் சோதிக்கக் கடல் வரை போக வேண்டாம். பம்புசெட் தொட்டியில் பேட்டரியோடு போட்டுப் பார்த்தால் போதும். மூழ்குகிற கருவிதான் கையில் இருக்கிறதென்றால் ஒரு மிதவைத் துண்டைக் கட்டி, கயிற்றை உயிர்காப்பு உடுப்பில் மாட்டுங்கள். படகில் மாட்டாதீர்கள். கயாக் கவிழ்ந்து கைவிட்டுப் போனால் கருவியும் அதோடு போய்விடும்.

பேட்டரி விஷயத்தில் நான் பழைய ஆள். கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ செல்லில் ஓடுவதையே விரும்புவேன். உள்ளேயே பொருத்திய பேட்டரி தீர்ந்தால் நடுக்கடலில் என்ன செய்வது? ரீசார்ஜ் செல் போட்டால் மெனுவில் செல் வகையை மாற்ற மறக்கக் கூடாது. சாதாரண செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். மாற்றாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும். வாங்கும் முன் திரையை வெயிலில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். அப்போது போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொள்ளுங்கள். சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகிவிடும். தூத்துக்குடியில் மாலையில் திரும்புவது என்றால் மேற்கே சூரியனைப் பார்த்துத் திரும்புவது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் முடியாது.

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விலை கொடுத்து வாங்கும் கடல் வரைபடங்கள் பெரும்பாலும் கப்பல்களை மனதில் வைத்துச் செய்தவை. கரையோர மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நமக்குப் பயன்படுவது நாமே போட்ட தடம். புறப்படும் இடத்தைக் குறித்துவிட்டுத் தடப்பதிவை ஓடவிட்டால், ஆழம் பார்த்து நாம் போன வாய்க்கால் வழியாகவே திரும்பலாம். இந்தத் தடத்தின் மேலேயே திரும்பி வரும் வசதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்மாய்க் கரையில் பழகலாம். மடையைப் புள்ளியாகக் குறித்துவிட்டுக் கரையைச் சுற்றுங்கள். பிறகு இருட்டும் நேரத்தில் கருவியை மட்டும் பார்த்து மடைக்கு வந்து சேருங்கள். கடையில் தெரியாத குறைகள் அந்த ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. திசைகாட்டி சென்சார் இல்லாத கருவி, நாம் நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் திசை காட்டும். அதுவும் நகரும் திசைதானே தவிரப் படகின் மூக்கு இருக்கும் திசை அல்ல. துடுப்பை நிறுத்தினால் அம்பு தறிகெட்டுச் சுற்றும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது மூக்கு கரையைப் பார்க்கும், படகு வேறெங்கோ போகும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேறு வகையில் ஏமாற்றும். எங்கள் ஊரில் மலையிறங்கி வந்து ஆடியில் புழுதி கிளப்பும் காற்றுதான் அங்கே கடற்கரையைத் தாண்டிக் கடல் பக்கம் வீசுகிறது. போகும்போது முதுகில் தள்ளி உற்சாகம் கொடுக்கும், திரும்பும்போது நெஞ்சில் நிற்கும். ஆகவே திரையில் வேகத்தையும் ‘சேர ஆகும் நேரம்’ என்பதையும் பெரிய எழுத்தில் வையுங்கள். அந்த நேரம் குறையாமல் கூடிக்கொண்டே போனால் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

வல்லக்காரர்கள் கருவி வந்த பிறகும் பழைய வழக்கத்தை விடவில்லை. பனிமய மாதா கோவில், அனல்மின் நிலையப் புகைபோக்கி, கலங்கரை விளக்கம் இவற்றில் இரண்டை ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டைக் கோட்டில் வைத்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ‘பார்’ எனும் கடலடிப் பாறைத் திட்டு இருக்கும். கருவி செத்தாலும் இந்தக் கணக்கு சாகாது. பொழுதுபோக்குக்குப் போகிறவர்களும் கரையில் இரண்டு அடையாளமாவது பார்த்து வைக்க வேண்டும்.

காற்றழுத்தமானி உள்ள கருவிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். மலையில் உயரம் சொல்லும். கடலில் வானிலை சொல்லும் என்பார்கள். நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணிவாக்கில் ஏறி, மாலை 4 மணிவாக்கில் தானாகவே மூன்று நான்கு மில்லிபார் இறங்கும். இது தெரியாதவர் ஒவ்வொரு மாலையும் புயல் வருகிறது என்று பயப்படுவார். அதற்குப் பதில் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, தேதி. ஜி.பி.எஸ். தன் வாரக் கணக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அது நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் அதற்குப் பிறகு தேதியைத் தப்பாகக் காட்டுகின்றன. இன்னொன்று, அமைப்பு. நில அளவைக்கு ஓடிய கருவியில் டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிடும் அடிப்படை, பழைய இந்திய எவரெஸ்ட் கணக்கிலேயே இருக்கலாம். அதை டபிள்யூ.ஜி.எஸ்.84க்கு மாற்றாவிட்டால் நம் கரைகளில் நூறு மீட்டருக்கு மேல் பிசகும்.

கைபேசி போதாதா? சிக்னல் இல்லாத இடத்திலும் அதன் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் நீர்புகா உறைக்குள் வைத்துத் தடவுவதும், வெயிலில் சூடேறி அது தானே அணைந்துபோவதும் பட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவினர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்கி அனுப்புகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. இடம் மட்டும் சொல்லும் ஜி.பி.எஸ். சிக்னலைப் பெறுவதே தவிர அனுப்புவதில்லை, அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. தீவுப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. அவற்றை எச்சரிக்கைப் புள்ளியாகப் போட்டுவிட்டால் நெருங்கும்போது கருவியே கூவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புறப்படும் முன், கருவியில் இடம் டிகிரியும் தசம மினிட்டுமாகத் தெரிகிறதா, டிகிரி மினிட் செகண்டாகத் தெரிகிறதா என்று பார்த்து, அதை வீட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். 8 டிகிரி 48.50 மினிட் என்பதைக் கேட்பவர் 48 மினிட் 50 செகண்ட் என்று எழுதிக்கொண்டால் தேடுகிற படகு 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். அதே தாளில், போகும் இடம், திரும்பும் நேரம், கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகியவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.