பதக்கத்தின் முதுகு

உலகத்தில் மனிதர்கள் எதை எதையோ சேர்க்கிறார்கள். தபால்தலை சேர்க்கிறவர்கள் உண்டு. செல்லாக் காசு சேர்க்கிறவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களும் உண்டு. கடன் சேர்க்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் எழுத்தாளர் ஜாதியில் அவர்களே அதிகம். நான் சேர்ப்பது மங்கோலியா தேசத்துப் பதக்கங்கள்.

"மங்கோலியாவா? எதற்கு ஐயா மங்கோலியா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அங்கே போனதுண்டா என்றால், போனதில்லை. பாஷை தெரியுமா என்றால், தெரியாது. எழுத்துக் கூட்டி மட்டும் படிப்பேன். அதுவும் இரண்டு விதமான எழுத்தை. அந்த 'இரண்டு விதம்' தான் இந்தப் பைத்தியத்துக்கே மூல காரணம்.

மங்கோலியா பரந்த பூமி. பதினைந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விஸ்தீரணம். ஜனத்தொகையோ சுமார் முப்பத்தைந்து லட்சம்தான். 1924-ல் மன்னராட்சி போய் மக்கள் குடியரசு வந்தது. 1992-ல் புதிய அரசியல் சாசனம் வந்து அந்தக் குடியரசும் போயிற்று. இடையில் அறுபத்தெட்டே வருஷங்கள். ஒரு பாட்டியின் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குள் அந்தத் தேசம் எழுத்தை மாற்றியது, ராஜ முத்திரையை மாற்றியது, கும்பிட வேண்டிய பெயர்களையும் மாற்றியது. ஒவ்வொரு மாற்றமும் பதக்கத்தில் பதிந்திருக்கிறது. காகிதத்தில் எழுதியதை அழித்துவிடலாம். ஒருவன் நெஞ்சில் குத்திய வெள்ளியை எப்படி அழிப்பது?

முதலில் எழுத்தை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து மங்கோலியர் மேலிருந்து கீழாக எழுதி வந்தார்கள். ஓலைக் கூரையிலிருந்து மழைச்சரம் இறங்குவது போல ஒவ்வொரு சொல்லும் இறங்கும். 1941-ல், இனி ரஷ்ய எழுத்திலேயே எழுதுவது என்று அரசாங்கம் தீர்மானித்தது. 1946 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதுவே சட்டம். ஆகவே பதக்கத்தில் எழுத்து நின்றுகொண்டிருந்தால் பழையது, படுத்துக்கொண்டிருந்தால் புதியது. சேகரிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

அடுத்தது முத்திரை. 'சொயொம்போ' என்று ஒரு சின்னம் அவர்களுக்கு உண்டு. நெருப்பும் சூரியனும் சந்திரனும் மேலே; இரண்டு மீன்கள் பின்னிக்கொண்டு நடுவே. 1686-ல் ஒரு பௌத்த குரு வகுத்த எழுத்து முறையிலிருந்து வந்தது அது. அந்தக் குருவின் பெயரை மங்கோலியர் சானபசார் என்கிறார்கள்; 'ஞானவஜ்ர' என்ற வடசொல்லின் மரூஉதான் அது. சொயொம்போ என்பதும் அப்படியே. நம் ஊர்ச் சுயம்புலிங்கத்தின் 'சுயம்பு'தான்! எங்கோ பாலைவனத்துக்கு அப்பால், பனி வெளியில், குதிரைக்காரர்களின் பதக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 1940-ல் இந்தச் சுயம்புவை ராஜ முத்திரையிலிருந்து இறக்கிவிட்டு, ஒரு குதிரை வீரனை ஏற்றினார்கள். 1960-ல் அந்தக் குதிரைக்காரனுக்கே பற்சக்கரமும் கதிரும் துணையாக வந்தன. 1992-ல் சுயம்பு மீண்டும் முத்திரையின் நடுவுக்கு வந்து சேர்ந்தது. தானாகத் தோன்றியதைப் பிறர் ஒழிக்க முடியுமா என்ன?

இதெல்லாம் முகத்தைப் பற்றிய விஷயம். எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் வாங்கிய முதல் பதக்கத்தை அவரிடம் பெருமையோடு காட்டினேன். அது 'அல்தான் கதாஸ்' என்னும் துருவ நட்சத்திர விருது, 1936-ல் ஏற்பட்டது. அந்தப் பெயருக்குப் 'பொன் முளை' என்று அர்த்தம். குதிரையைக் கட்டி வாழ்கிற ஜனங்கள் அல்லவா? வானத்தில் அசையாமல் நிற்கும் நட்சத்திரம் அவர்கள் கண்ணுக்குக் கட்டுத்தறியாகத் தெரிந்திருக்கிறது. இந்த விளக்கத்தையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போக, பெரியவர் இடைமறித்தார்.

"ஓய், முகத்தை ஏன் பார்க்கிறீர்? முகம் அரசாங்கம் பேசுகிற பேச்சு. முதுகைத் திருப்பும்!"

திருப்பினேன். நடுவில் மரையிட்ட ஒரு தண்டு. அதில் ஏறும் வட்டமான திருகு. ஓரத்தில் ஓர் எண்.

பழைய பதக்கங்கள் பலவற்றைச் சோவியத் நாணயச் சாலைகளில்தான் அடித்தார்கள். சட்டையில் துளையிட்டு, தண்டை நுழைத்து, உட்புறம் திருகை முடுக்க வேண்டும். பின்னால் வந்தவற்றில் ஊசி உண்டு. தண்டின் நீளம், திருகின் அளவு, சாலையின் முத்திரை, எண்ணைக் கையால் வெட்டினார்களா அச்சால் குத்தினார்களா, எனாமலின் சிவப்பு எவ்வளவு ஆழம் — இவற்றை வைத்துத்தான் 'இது முதல் வகை, இது இரண்டாம் வகையில் ஒரு பேதம்' என்று பிரிக்கிறார்கள். போலிகளைப் பிடிப்பதும் இப்படியே. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் குத்துகிற கைகாரர்கள் உண்டு. ஆனால் தேய்த்த இடம் சற்றே பள்ளமாக இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

என் மனைவிக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பதக்கத்தைக் கையில் வாங்கியவுடனே, "இதென்ன, தோட்டுத் திருகாணி மாதிரியே இருக்கே!" என்றாள். திருகிப் பார்த்தாள். "நன்றாகத் தேய்ந்திருக்கு. ரொம்ப நாள் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள்" என்றாள். பிறகு, "இது யாருடையதோ, அவர்கள் வீட்டில் இதைத் தேட மாட்டார்களா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கேட்டவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை.

இந்தப் பதக்கங்கள் எப்படி வெளியே வந்தன? 1990-ல் மங்கோலியாவில் ஒற்றைக் கட்சி ஆட்சி முடிந்தது. அதையொட்டிச் சோவியத் உதவியும் நின்றது. அரிசிக்கும் மாவுக்கும் பங்கீட்டு அட்டை வந்தது. அந்தக் குளிரில், அடுப்பு எரிய வேண்டுமானால் வீட்டில் எதையாவது விற்றாக வேண்டும். நம் வீடுகளில் அப்படிப்பட்ட காலத்தில் முதலில் போவது வெள்ளிக் குத்துவிளக்கு. அங்கே தாத்தாவின் பதக்கம் போயிற்று. என் போன்றவர்களின் பெட்டி நிறைவதற்கு எங்கோ ஒரு பெட்டி காலியாகியிருக்கிறது. இதை மறைத்துவிட்டுச் சேகரிப்பின் பெருமையைப் பேசுவது அழகல்ல.

விருதோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். பெற்றவர் பெயரும் பதக்கத்தின் எண்ணும் அதில் இருக்கும். எண்ணும் எண்ணும் பொருந்தினால் பதக்கத்துக்கு ஒரு மனிதர் கிடைத்தார் என்று அர்த்தம். புத்தகம் இல்லையென்றால் அது அநாதை. வெளிநாட்டு வியாபாரி ஒருவன் பெரியவருக்குப் பட்டியல் அனுப்பியிருந்தான். அதில் ஒரு துருவ நட்சத்திரம் ஒரு விலை. வேறு பக்கத்தில், அதே எண்ணுள்ள புத்தகம் தனி விலை! சேர்த்து விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பெரியவர் இரண்டையும் வாங்கினார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற மனிதர். "ஏன் இப்படி?" என்றேன். "தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், ஓய்!" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அபூர்வம் என்கிறோமே, அந்தச் சொல்லும் ஏமாற்றுக்காரச் சொல்தான். மங்கோலியாவில் தாய்மார்களுக்கென்று ஒரு விருது உண்டு. நிறையப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுக்குக் கொடுப்பது. முன்னாளில் முதல் வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள் வேண்டும். இப்போது ஆறு போதும். நாலு என்றால் இரண்டாம் வகுப்பு. நம் பாட்டிமார்கள் அங்கே பிறந்திருந்தால் தெருவுக்குத் தெரு பதக்கம் மின்னியிருக்கும்! இந்த விருது சந்தையில் மிகவும் மலிவு, ஏராளமாகக் கிடைக்கிறது என்பதால். எட்டுப் பிள்ளைகளைப் பனியில் காப்பாற்றிய உழைப்பு மலிவு. சிற்பியின் கைப்பிழையால் ஒரு கோடு தடித்துப் போன பதக்கம் விலை அதிகம். சந்தைக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டுமே.

இனி, எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் கனவு காணும் பதக்கத்துக்கு வருகிறேன். அது அரசாங்கப் பரிசு பெற்றவர்களின் பதக்கம். எழுத்தாளர், விஞ்ஞானி, கலைஞர் முதலியோருக்குக் கொடுப்பது. பட்டியல்களில் படமாகத்தான் அதைக் கண்டிருக்கிறேன். 1940-களில் பரிசு ஏற்பட்டபோது அதற்கு மார்ஷல் சோய்பால்சானின் பெயர். அவர் ஆட்சியில்தான் 1937 முதல் 1939 வரை பெரிய களையெடுப்பு நடந்தது. இருபதாயிரத்திலிருந்து முப்பத்தையாயிரம் பேர் வரை மாண்டார்கள் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தத் துறவிகள். அவர் 1952-ல் மாஸ்கோவில் காலமானார். 1962-ல் அவருடைய தனிமனித வழிபாட்டைக் கட்சியே கண்டித்தது. பரிசும் பிற்பாடு வெறும் 'அரசாங்கப் பரிசு' ஆயிற்று. ரஷ்யாவிலும் இதே கதை. 1966-ல் ஸ்டாலின் பரிசுக்கு அரசாங்கப் பரிசு என்று பெயர் சூட்டி, பழைய பதக்கத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஈயம் போன பாத்திரத்தைக் கொடுத்துப் பூசிய பாத்திரம் வாங்கிக்கொள்வது போல!

அதே 1962-ல் செங்கிஸ்கானின் எண்ணூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாட முன்நின்ற தலைவர் ஒருவர் பதவி இழந்தார். 2002-ல் அதே தேசம் செங்கிஸ்கான் பெயரால் மிக உயர்ந்த விருதை ஏற்படுத்தியது. பெயர்களுக்கு யோகம் மாறுவதைப் பார்த்தீர்களா?

அந்த அரசாங்கப் பரிசைப் பெற்றவர்களில் தம்தின்சூரென் என்ற எழுத்தாளரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1908-ல் பிறந்தவர். 1938-ல் சிறைப்பட்டவர். ரஷ்ய எழுத்தை மங்கோலிய பாஷைக்குப் பொருத்தியதில் பெரும் பங்கு அவருடையது. அவரைச் சிறையில் வைத்த அரசாங்கமே பிறகு அவருக்குப் பரிசும் கொடுத்தது. தேசிய கீதத்துக்கு வார்த்தைகள் எழுதச் சொல்லி, 1950-ல் அதை ஏற்றது. 1961-ல் அந்த வார்த்தைகள் வேண்டாம் என்று வேறு இருவரைக் கொண்டு எழுதச் செய்தது. அவர் 1986-ல் காலமானார். 1991-ல் அவருடைய வார்த்தைகளே, காலத்துக்கேற்ற தலைவர் துதியை மட்டும் கழித்துவிட்டு, மீண்டும் கீதமாயின. அந்தக் காதுகள் அதைக் கேட்கவில்லை.

சிறை, பரிசு, புறக்கணிப்பு, மறுபடியும் மரியாதை. ஓர் எழுத்தாளன் இதைவிட வேறென்ன பார்க்க வேண்டும்? பரிசைக் கொடுத்த கையின் பெயர் மாறியது. அடித்த உலோகத்தின் அச்சு மாறியது. எழுதிய வரிகளோ, முப்பது வருஷம் வாய் மூடிக் கிடந்துவிட்டு, ஜனங்கள் வாயிலேயே திரும்பி வந்தன. அந்தப் பழைய செங்குத்து எழுத்தும் அப்படித்தான். 2025 ஜனவரியிலிருந்து அரசாங்க ஏடுகளில் ரஷ்ய எழுத்தோடு அதுவும் இடம்பெற வேண்டும் என்று சட்டம்.

ஆகவே பரிசுப் பதக்கம் எனக்குக் கிடைக்கவில்லையே என்ற தாபம் இப்போது குறைந்துவிட்டது. என்னிடம் இருப்பவை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை. உறையின் மேல் எண், கிடைத்த வழி, புத்தகம் இருந்தால் அதில் உள்ள பெயர், அவ்வளவையும் மையினால் எழுதி வைத்திருக்கிறேன். முகத்தின் வர்ணனை எதுவும் அதில் இல்லை. அதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. எப்போதாவது ஒரு பேரனோ பேத்தியோ அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வந்தால், காட்டுவதற்கு ஒரு முதுகாவது பத்திரமாக இருக்கட்டும்.