கைத்தொலைபேசியில் எழும்பும் வீடு

சமூகவியல் படித்த எனக்கு, தூணுக்குள் வைக்கும் கம்பி எத்தனை மில்லிமீற்றர் என்பதெல்லாம் முன்பு தெரியாது. மட்டக்களப்பில் களப்பணிக்கு வந்த பின்னர்தான் படித்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் வீடு மகளுக்குரியது. அவளுக்குக் கலியாணம் பேசுவதற்கு முன்னர் அது எழும்பிவிட வேண்டும். அதற்காகவே எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கில் உழைத்து, தாங்கள் கண்ணால் காணாத வீட்டைக் கட்டுவிக்கிறார்கள். பணம் வங்கிக்கு வரும், வேலையின் படம் வட்ஸ்அப்பில் போகும்.

குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் ஓர் அக்காவும் அப்படித்தான். 2022 இல் 50 கிலோ சீமெந்து மூடை மூவாயிரம் ரூபா வரை ஏறியபோது நிறுத்திய வேலையைப் பின்னர் திரும்பத் தொடங்கியிருந்தார். கணவர் வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். வேலையைப் பொறுப்பெடுத்த மேசன் கணவரின் சொந்தக்காரர். படம் எடுத்து அனுப்பியதும் அவர்தான். அத்திவாரம், கல், கம்பி என்று ஒவ்வொரு படம் வந்ததும் அக்கா காசு அனுப்பினார்.

ஒரு நாள் இரவு எனக்கு அழைப்பு வந்தது.

"தங்கச்சி, தூணுக்குக் கம்பி கட்டின படம் ஒண்டு வந்தது. பின்னால பனை நிக்குது. எங்கட வளவுக்க பனையே இல்லியே?"

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். முன்விறாந்தைத் தூண்கள் இரண்டுக்கும் ஏற்கனவே கொங்கிறீற் போட்டாயிற்று. பனையும் இல்லை, படத்திலிருந்த கம்பியும் இல்லை. தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அழைத்து வந்து தூணின் அடியைச் சிறிது கொத்திப் பார்த்தோம். 12 மில்லிமீற்றர் கம்பிக்குப் பணம் வாங்கி 10 வைத்திருந்தார்கள். ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வரவேண்டிய வளையங்கள் ஓரடிக்கு மேல் தள்ளித் தள்ளி இருந்தன. "சொந்தத்துக்க இதெல்லாம் கொத்திப் பாக்கிறதா?" என்று மேசன் என்னிடம்தான் கோபப்பட்டார்.

பொலிசுக்குப் போக அக்கா விரும்பவில்லை. மகளின் கலியாணத்துக்கு அந்தச் சொந்தங்கள்தானே சபைக்கு வரவேண்டும் என்றார். பேசிப் பேசி, மேசன் கூலியில்லாமல் இடித்துக் கட்டுவதாகவும், சாமான் செலவு அக்காவினது என்றும் முடிவானது. அந்தச் செலவுக்காக அவர் ஊருக்கு வரும் நாளை ஆறு மாதம் தள்ளிப்போட்டார். எனக்கு அந்த முடிவு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் காசும் சொந்தமும் அவருடையவை.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எங்கே எப்போது எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விபரம் நீங்கிவிடும். கமராவில் இடம் பதியும் வசதியைத் திறந்து வைத்து எடுத்து, டொக்கியுமென்டாக அனுப்பினால் அது அப்படியே நிற்கும். இதைக்கூட நான் அதற்குப் பிறகுதான் அறிந்தேன். இந்தியாவில் 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமிய வீட்டுத்திட்டத்தில் இடம் பதிந்த கட்டம் கட்டமான படங்களைப் பார்த்துத்தான் தவணைப் பணம் விடுகிறார்கள். பெரிய கட்டடங்களில் கொங்கிறீற்றுக்குள்ளேயே உணர்கருவி வைத்து, அதன் சூட்டைக் கொண்டு எவ்வளவு இறுகிவிட்டது என்று தூரத்திலிருந்தே கணிக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு போனும் ஓர் அளவு நாடாவும்.

போன் மேசனின் கையிலிருந்து மகளின் கைக்கு மாறியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. கொங்கிறீற் போடுமுன், கம்பியின் மேல் அளவு நாடாவைப் பிடித்து வீடியோ கோலில் தாய்க்குக் காட்டினாள். மூடின பிறகு எந்தப் படமும் கம்பியைக் காட்டாது அல்லவா? வெறும் சீமெந்து மூடைகளை வரிசையாக அடுக்கி எண்ணிக் காட்டினாள். குவைத் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. காலை எட்டு மணிக்கு இங்கே வேலை தொடங்கும்போது அங்கே ஐந்தரை. எசமானி எழும்புமுன் அக்கா குசினிக்குள் நின்று பார்த்துவிடுவார்.

போனுக்கு எட்டாதவையும் இருந்தன. மணல் வந்து இறங்கியபோது அம்மம்மா ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புக் கரிக்குது, கொண்டு போகச் சொல்லு" என்றார். டிப்பர்காரர் முணுமுணுத்தபடி ஏற்றிக்கொண்டு போனார். புதுத் தூண்களுக்குச் சாக்குச் சுற்றி ஏழு நாட்கள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதும் அந்த மனுசிதான். நனைந்த சாக்கை மட்டும் மகள் படமெடுத்து அனுப்பினாள்.

முன்வாசல் நிலை வைக்கிற நாளில் நானும் போயிருந்தேன். நல்ல நேரம் காலை 6.10. குவைத்தில் அதிகாலை 3.40. அக்கா தலைக்குத் தோய்ந்து, ஈரத் துவாயுடன் திரையில் வந்தார். மேசன் மஞ்சள் பூசிய நிலையைத் தூக்கி நிறுத்திவிட்டு, முதன்முறையாகத் தானே போனைப் பார்த்துக் கேட்டார்.

"மச்சாள், நேராக் கிடக்கா?"

"மகள், தூக்குக் குண்டைப் பிடிச்சுக் காட்டு" என்றார் அக்கா.