உப்பின் வழி

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் பொருள் எங்கிருந்து வருகிறது, பயன்பட்டபின் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆம்பூரைச் சேர்ந்த ஓர் இணையர் கோடை விடுமுறையில் பாலாற்றங்கரையிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரை நெடுகச் சென்ற பயணத்தை இக்கட்டுரை விவரிக்கிறது. அவ்வழியெங்கும் அவர்களோடு உடன் வந்தது உப்பு.

தோலும் உப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் அமைந்த ஊர்கள் பலவற்றுக்குத் தோல் பதனிடுதலே முதன்மைத் தொழில். கடலிலிருந்து வெகு தொலைவில் இருந்தாலும் இவ்வூர்கள் உப்பின்றி ஒரு நாளும் இயங்குவதில்லை. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்பைத் தடவி அடுக்கினால், தோலிலுள்ள நீர் வடிந்து, வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். நாட்டின் பல பகுதிகளிலிருந்து அவ்வாறு உப்பிட்ட தோல்கள் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்கின்றன. பதனிடுவதற்கு முன் அவற்றை நீரில் ஊறவைத்து, ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். தோல் தூய்மையாகிறது, நீர் உப்பாகிறது.

இவ்விணையருள் கணவர், தோலை ஊறவைக்கும் அந்தப் பிரிவிலேயே இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். இப்போது அதன் மேற்பார்வையாளர். மனைவி, காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைக்கிறார். மகளைப் பட்டம் பெறச் செய்ததும், ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போட்டதும் தோல் தந்த வருவாயால்தான். ஆனால் மனைவி, உழவர் வீட்டில் பிறந்தவர். ஆற்றங்கரையில் அவருடைய தந்தைக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அவர் பள்ளியில் படித்த நாள்களிலேயே தோப்புக் கிணற்றின் நீர் உவர்க்கத் தொடங்கியது. முதலில் குரும்பைகள் உதிர்ந்தன. பிறகு மட்டைகள் காய்ந்தன. கடைசியில் மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றனர்.

இருபத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் அந்தக் கிணற்றைப் பற்றி இருவரும் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேசியதில்லை. பேச்சு எங்கே போய் முடியும் என்பது இருவருக்கும் தெரியும். உண்ணும் சோற்றையும் இழந்த தோப்பையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது எளிதன்று.

ஆற்றின் கரையோரம்

மே மாதத்தில் தொழிற்சாலைக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. உப்பு ஏற்றிவரும் லாரி ஓட்டுநர்கள் சொல்லிச் சொல்லிக் காதில் பழகிய மரக்காணம், வேதாரண்யம் ஆகிய ஊர்களை ஒருமுறை நேரில் காண வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. மனைவிக்குக் கடலைப் பார்த்தால் போதும். இருசக்கர ஊர்தியில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் புறப்பட்டனர். வேலூரை ‘வெயிலூர்’ என்று சொல்லும் வட்டாரத்தில் கத்திரி வெயிலுக்கு அஞ்சுவோர் இருட்டிலேயே வழி நடப்பது வழக்கம்.

பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று நீண்ட அவ்வழி, ஏறத்தாழப் பாலாற்றின் வழியேதான். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழையும் இவ்வாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணல் தெரியும். நீர் கீழே ஊற்றாக ஓடும். மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்த தலைமுறை இன்னும் அவ்வூர்களில் வாழ்கிறது. மனைவியும் அப்படிக் குடித்தவரே. பள்ளிகொண்டா அருகே விடியல் வெளிச்சத்தில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஆற்றை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கணவர் கண்ணாடியில் அதைக் கண்டும் ஒன்றும் கேட்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

தமிழகத் தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அத்தீர்ப்பு சுட்டியது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’, ‘வருமுன் காக்க வேண்டும்’ ஆகிய இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது அறிவித்தது. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கழிமுகத்தில்

செங்கல்பட்டைக் கடந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்தை அடைந்தனர். டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த சதுரங்கப்பட்டினம் அதன் அருகில் உள்ளது. அங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் வயலூர். அவ்விடத்தில் பாலாறு கடலோடு கலக்கிறது. சாலைப் பாலத்தின்மேல் ஊர்தியை நிறுத்தி இருவரும் இறங்கினர். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வராமல் தடுக்கவும், ஆற்று நீரைத் தேக்கவும் கட்டிய தடுப்பணை அங்கே இருக்கிறது. கொக்குகள் மேய்ந்த ஈரத்தைத் தாண்டி, நீலக்கோடாகக் கடல் தெரிந்தது.

“ஏங்க, இது நம்ம ஆறா?” என்று மனைவி கேட்டார்.

“நம்ம ஆறுதான்.”

“இங்க உப்பு ஏறக் கூடாதுன்னு அணை கட்டியிருக்காங்க. கடல் பக்கத்திலேயே இருக்கு, அதனால கட்டியிருக்காங்க. நமக்குக் கடலே இல்லையே!”

அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் கணவரை ஆழமாகத் தைத்தது. அணையின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. எது எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு சுவர் இருந்தது.

உப்பளத்தில்

வயலூருக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில், சாலையின் ஓரத்திலேயே உப்பளங்கள் விரிகின்றன. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவர். சங்க காலத்து உமணர் கடற்கரையில் உப்பைப் பெற்று, வண்டிகளில் ஏற்றி, உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். உப்பு உள்நாடு புகும் வழி அத்துணைப் பழைமையானது. அன்று அது உணவுக்கும் உணவைக் காக்கவும் போதுமான அளவில் சென்றது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைத்தால் அடியில் உப்புப் படிகிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை வாரிக் கரையில் குவிக்கின்றனர். மற்றவர் அஞ்சி ஒதுங்கும் கோடைதான் இவர்களுக்கு அறுவடைக் காலம். மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். கரையில் நின்ற மனைவியைக் கண்டு, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருவர் சிரித்தார். அவருடைய பாதங்கள் வெடித்து, வெடிப்பில் உப்பு வெண்மையாகப் படிந்திருந்தது.

“எந்த ஊரும்மா?”

“ஆம்பூர்க்கா. தோல் ஊர்.”

“அப்ப எங்க உப்பு அங்கயும் வருதா?”

“வருதுக்கா” என்றார் மனைவி. அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. காலைப் பொசுக்கிக்கொண்டு ஒரு பெண் வாரிய உப்பு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு பெண்ணின் தந்தை வெட்டிய கிணற்றைக் கெடுத்தது என்பதை எப்படிச் சொல்வது? இவர்மேல் குற்றமில்லை. உப்பின்மேலும் குற்றமில்லை.

கடல் புகுந்த வயல்

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் ஊர்களைக் கடந்து, 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்கினர். மறுநாள் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வயலோரப் புளியமர நிழலில் இளைப்பாறியபோது முதிய உழவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் புகுந்த வயல்கள் உப்புப் பூத்துக் கிடந்தன. இனி இம்மண்ணில் புல்லும் முளைக்காது என்றே பலரும் எண்ணினர்.

“பிறகு எப்படி ஐயா விளைந்தது?” என்று கணவர் கேட்டார்.

உழவர் விளக்கினார். கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை முதலில் அகற்றினர். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தனர். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். சில பருவங்களில் நிலம் மெல்ல மெல்லத் திரும்பியது.

தம் ஊர்க் கிணறுகளைப் பற்றி மனைவி கூறியதும் முதியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு, “கடல் ஒரு நாள் வந்துச்சு, போயிருச்சு. அப்புறம் மழை கழுவிருச்சு. உங்க ஊர்ல தினமும்ல வருது? கொட்டுறத நிறுத்தாம மழை என்னம்மா செய்யும்?” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணவருக்குத் தெரிந்த செய்திதான் அது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவுநீரை வடிகட்டி, காய்ச்சி, நீரை மீட்டுவிடுகின்றனர். ஆனால் எஞ்சும் உப்பு அழிவதில்லை. பல வேதிப்பொருள்கள் கலந்த அது உணவுக்கும் உதவாது; கொட்டவும் இடமில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்குகிறது. நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பது அரிது. கரையுமுன் தடுப்பதே எளிது.

வேதாரண்யத்தில் ஒரு முடிவு

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தனர். 30 அன்று அகத்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார். ஏழையின் உலையில் விழும் ஒரு பிடி உப்புக்கும் வரி கேட்ட அரசை எதிர்த்த போராட்டம் அது. அங்குள்ள நினைவுத்தூணின் அருகே, மாலை வெயிலில் உப்புக் குவியல்கள் மின்ன, இருவரும் அமர்ந்திருந்தனர்.

கணவர்தாம் முதலில் பேசினார். “உங்கப்பா கிணத்துத் தண்ணி உவர்த்தப்ப, நான் தோலை ஊறவைக்கிற தொட்டியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

மனைவி கடலைப் பார்த்தபடியே, “தெரியும்” என்றார். சிறிது கழித்து, “அந்தச் சம்பளத்துலதான் அப்பாவுக்கு வைத்தியமும் பார்த்தோம்” என்றார்.

ஊறவைக்குமுன் ஒவ்வொரு தோலையும் உதறி, ஒட்டாமல் இருக்கும் உப்பைத் தனியே சேர்த்தால் நீரில் கரையும் உப்பு வெகுவாகக் குறையும். தோல் பதனிடுவோர் அனைவரும் அறிந்த முறைதான். ஆள் கூலியும் நேரமும் கூடும் என்பதால் வேலை மிகுந்த நாள்களில் அது கைவிடப்படுகிறது. தம் பிரிவில் இனி ஒரு தோலும் உதறாமல் தொட்டிக்குள் இறங்காது என்று கணவர் கூறினார். முதலாளி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மனைவி வினவினார். “கணக்குப் போட்டுக் காட்டுவேன். காய்ச்சுற செலவைவிட உதறுற கூலி குறைச்சல்” என்று விடை வந்தது.

ஒருவர் தோலை உதறுவதால் பாலாறு நாளையே இனித்துவிடாது. வெட்டிய தென்னைகளும் திரும்ப முளைக்கா. ஆனால் ஆற்றைக் கெடுத்ததும் ஒரே நாளில் நிகழ்ந்த செயலன்று. நாள்தோறும் பல கைகள் செய்த சிறு செயல்களின் தொகுதி அது. அதைத் திருத்துவதும் அப்படித்தான் தொடங்க முடியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று முன்னோர் கூறினர். உப்பைத் தந்த கையையும், உப்பைச் சுமக்கும் மண்ணையும் சேர்த்து நினைப்பதே இக்காலத்தில் அந்நன்றியின் முழுமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படுத்தும் பொருள் ஒன்று உருவாகும் இடம், பயன்பட்டபின் சேரும் இடம் ஆகியவற்றை அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘வாழ்வாதாரமும் சுற்றுச்சூழலும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர் ஆறு, ஏரி அல்லது கிணற்றின் முந்தைய நிலையைப் பெரியோரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.