கம்பத்து வீடு

தமிழில் கம்பம் என்றால் நட்டு நிறுத்திய மரத்தூண். மலேசியத் தமிழர் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. மலாய்க் கிராமத்தைக் குறிக்கும் 'கம்போங்' என்னும் சொல், தோட்டத்து மக்களின் வாயில் 'கம்பம்' ஆயிற்று. ஆகவே, 'கம்பத்து வீடு' என்றால் கிராமத்து வீடு என்றும் கொள்ளலாம். கம்பங்களின்மேல் நிற்கும் வீடு என்றும் கொள்ளலாம். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சாருக்குச் செல்லும் பழைய சாலையில் பயணம் செய்பவர்கள், இவ்விரு பொருளும் பொருந்தும் வீடுகளைப் பார்த்திருப்பார்கள். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் தூண்கள், பலகைச் சுவர், மழை பெய்தால் முழங்கும் தகரக் கூரை ஆகியவையே அவ்வீடுகளின் அடையாளம்.

இவ்வகை வீடு எளியோரின் குடிசை என்று நினைப்பது தவறு. கோலகங்சாரில் உள்ள கெனாஙான் அரண்மனையும் தூண்களின்மேல் நிற்கும் மர வீடுதான். 1926இல் கட்டப்பட்ட அவ்வரண்மனைக்குக் கட்டட வரைபடம் எதுவும் வரையப்படவில்லை; இரும்பு ஆணிகளும் பயன்படுத்தப்படவில்லை. ஒரு மரத்தில் துளை இட்டு, மற்றொன்றின் முனையை நாக்கைப் போல் செதுக்கி, அதைத் துளையில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கினார்கள். மூங்கில் பட்டையைப் பின்னிச் சுவர் அமைத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. பேராக் ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் வீட்டை ஏன் தூக்கிக் கட்டினார்கள் என்பதற்கு அந்த வெள்ளத்தைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

செங்கல் வீட்டுக்கும் கம்பத்து வீட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு சுவரில் இருக்கிறது. செங்கல் வீடுகள் பலவற்றில் சுவரே கூரையைத் தாங்குகிறது. எனவே, சுவர் எழும்பும்வரை கூரைக்குக் காத்திருக்க வேண்டும். கம்பத்து வீட்டில் கூரையின் பாரம் முழுவதும் கைமரம், உத்தரம், தூண் என்று இறங்கித் தரைக்குச் சென்றுவிடுகிறது. சுவருக்குப் பாரம் தாங்கும் வேலையில்லை. காற்றையும் மழையையும் அயலார் பார்வையையும் தடுத்தால் போதும். அதனால், தூண்களை நிறுத்திய கையோடு கூரையைப் போட்டுவிடலாம். மீதி வேலைகளை அதன் நிழலில் நின்று மழைக்கு அஞ்சாமல் செய்யலாம். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது மிகப் பெரிய வசதி. இந்த மாதம் படுக்கையறைக்குப் பலகை, தீபாவளிக்குப் பின் சமையற்கட்டு, மகளின் திருமணத்துக்கு முன் ஒரு திண்ணை என்று வீடு வருமானத்தோடு சேர்ந்து வளரும். மலாய் வீடுகளிலும் முதலில் 'ரூமா ஈபு' எனப்படும் தாய்வீடு எழும். அடுக்களை முதலிய பகுதிகள் பின்னர் அதனோடு இணையும். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லாத வீடு இது. வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் இம்முறையை நாடியதில் வியப்பில்லை.

அமெரிக்க விவசாயிகளும் ஏறத்தாழ இதே காரணத்துக்காக இதே வழியைக் கண்டார்கள். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் களஞ்சியம் கட்டக் கையில் பணமில்லாத நிலையில், எண்ணெய் ஊட்டிய பழைய தந்திக் கம்பங்களை மண்ணில் ஆழமாக நட்டு, அவற்றின்மேல் கூரை அமைத்தார்கள். அங்கே இன்று அதே முறையில் குடியிருக்கும் வீடுகளையும் கட்டுகிறார்கள்.

தூணை மண்ணில் நடுவதா, கல்லின்மேல் நிறுத்துவதா என்பது அடுத்த கேள்வி. நட்ட தூண் தானாகவே நிமிர்ந்து நிற்கும்; காற்றுக்குச் சாயாது. ஆனால், அது மண் மட்டத்தில் உளுத்துப்போகும். மண்ணுக்குள் ஆழத்தில் காற்றில்லை. மண்ணுக்கு மேலே ஈரம் தங்குவதில்லை. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் தரையோடு ஒட்டிய ஒரு சாண் அளவுதான். பூஞ்சை அங்கேதான் வேலையைத் தொடங்குகிறது. கரையானும் அங்கேதான் ஏறுகிறது. மலேசியாவின் மழைக்கும் வெப்பத்துக்கும் சாதாரண மரம் சில ஆண்டுகளே தாங்கும். இதை அறிந்த மலாய்த் தச்சர்கள் தூணின் அடியில் கல்லையோ காரைக்கட்டையையோ வைத்து அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்திய தூண் ஈரத்திலிருந்து தப்பிக்கும். ஆனால் அது தனித்து நிற்காது. தூண்களைக் குறுக்குச் சட்டங்களால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். இம்முறையால் வேறொரு பயனும் உண்டு. மண்ணில் புதையாத வீட்டைக் கழற்றலாம், நகர்த்தலாம். ஊரார் திரண்டு, மூங்கில்களைக் கட்டி, முழு வீட்டையும் தோளில் சுமந்து வேறிடத்தில் வைக்கும் வழக்கம் மலாய்க் கிராமங்களில் இருந்தது.

எந்த மரம் தூணாகும்? மலாய்த் தச்சர்களின் முதல் தேர்வு 'செங்கால்' மரம். பெயர் நம் காதில் செங்கல் போல் ஒலித்தாலும், அது மலேசியக் காடுகளின் மிகக் கடினமான மரங்களுள் ஒன்று. கரையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடாதது. விலையும் அதற்கேற்றாற்போல்தான். தோட்டத்துத் தொழிலாளியின் கண்ணெதிரே ஆயிரக்கணக்கான மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்றுகூட அவர் வீட்டுக்குத் தூணாகாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படரும். துளைப்பான் வண்டு மாவாக அரித்துவிடும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் அடுப்புக்கும், ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடத்துக்கும் விறகாயின. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஊட்டிச் சூளையில் உலர்த்தும் முறை 1980களில் பரவிய பின்னரே, அம்மரம் மேசை நாற்காலியாகி ஏற்றுமதியானது. அப்போதும் அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய மரமே. வெயிலிலும் மழையிலும் நிற்கும் தூணுக்கு ஏற்றதன்று.

மரத்தைப் போலவே வீடும் தோட்டத் தொழிலாளிக்கு அருகில் இருந்தது; ஆனால் அவருடையதாக இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் கூடி, பால்மரம் சீவி, பால் வாளியோடு திரும்பியவர்கள் குடியிருந்தது லயத்து வீட்டில். நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பம் பேசினால் அடுத்த குடும்பத்துக்குக் கேட்கும். தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து 1966இல் ஒரு சட்டமும், பின்னர் 1990இல் 446ஆம் சட்டமும் வந்தன. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவை முதலாளிமார்க்குச் சொல்லின. ஆனால், அவ்வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. நாற்பது ஆண்டுகள் ஒரே வாசலில் கோலமிட்டுப் பிள்ளைகளை வளர்த்த பெண்மணியும் ஓய்வுபெறும் நாளில் அந்த வாசலைவிட்டு இறங்கத்தான் வேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னாளில் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோதும் இதே நிலைதான்.

ஆகவேதான், சொந்தமாக ஒரு கம்பத்து வீட்டை எழுப்பிவிட வேண்டும் என்ற வேகம் பிறந்தது. வேலை அதிகமில்லாத பிற்பகல்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழும் வீட்டுக்கு ஒப்பந்தக்காரர் இல்லை. மைத்துனரும் மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணனும்தான் ஆட்கள். முதலில் நான்கு முளைகள் அடித்துக் கயிறு கட்டுவார்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கயிற்றில் 3 அடியும் மறு கயிற்றில் 4 அடியும் அளந்து குறியிடுவார்கள். இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். பள்ளியில் பித்தாகரஸ் தேற்றத்தைப் படித்த மகன் அது ஏன் என்று சொல்லக்கூடும். ஏன் என்று அறியாமலே தந்தை அதைச் சரியாகச் செய்துவிடுவார். பிறகு, ஒளிபுகும் குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் இரு தூண்களில் பிடிப்பார்கள். நீர் எங்கே நிற்கிறதோ அதுவே ஒரே மட்டம். தரை மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பற்றிக் கவலையில்லை; தூணின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொள்ளலாம். தூக்குக்குண்டால் தூண் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தற்காலிக முட்டுக்கொடுத்து, உத்தரத்தை ஏற்றுவார்கள். உத்தரம் ஏறும் நாளில்தான் ஆள்பலம் தேவை. அன்றைய சாப்பாடு வீட்டுக்காரர் செலவு. தொடக்கத்தில் அத்தாப்புக் கூரை, வசதி வந்ததும் தகரம். அத்தாப்புக்குக் கீழே குளிர்ச்சி. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தகரத்தில் பகல் முழுவதும் அனல். ஆனாலும் பெரும்பாலோர் தகரத்தையே தேர்ந்தெடுத்தனர்.

இவ்வளவும் அவர்களுக்குக் கைவந்தது. தூண் எந்த மண்ணில் நிற்கிறது என்பதுதான் கைக்கு எட்டாமல் போயிற்று. தோட்ட எல்லையிலும் இரயில் பாதை ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் எழுந்த வீடுகள் பல அரசு நிலத்திலோ பிறர் நிலத்திலோ நின்றன. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் அரசு நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. சிலருக்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைத்தது. அது ஆண்டு இறுதியில் காலாவதியாகும். பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு முடிந்துவிடும். தந்தை செங்கால் மரத்தில் தூண் நிறுத்தியிருந்தாலும், மகனுக்கு அந்தத் தாள் செல்லாது. கோலகங்சார் அரண்மனையும் ஒரு தற்காலிக இல்லமாகவே பயன்பட்டது. 1930களின் தொடக்கத்தில் இஸ்கண்டாரியா அரண்மனை கட்டி முடியும்வரை சுல்தான் அங்கே வசித்தார். தற்காலிகம் என்ற சொல் ஓரிடத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீடிக்கிறது. மற்றோரிடத்தில் டிசம்பர் 31ஐத் தாண்டுவதில்லை. இதில் தச்சரின் திறமைக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதையும் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்ததையும் கண்டார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கினால் என்ன என்பது அவர் எண்ணம். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அவரே தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்துச் சேர்த்தார். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் 1961இல் வாங்கியது. அன்றைய தொழிலாளிக்கு மாதம் 10 வெள்ளி சிறிய தொகையன்று. சுவர்ப் பலகையை மாதாமாதம் வாங்குவதுபோல் நிலத்தையும் மாதாமாதம் வாங்கலாம் என்று காட்டியதே அத்திட்டத்தின் துணிவு. தனித்தனிக் குடும்பத்துக்கு வீட்டுமனை கிடைக்க அது ஒன்றே போதவில்லை என்பதும் உண்மை. ஆயினும், கூரைக்கு முன் மண்ணைப் பற்றிப் பேசிய முயற்சி அது.

இன்று ஈப்போவின் சுற்றுப்புறத்தில் சொந்த நிலம் உள்ள ஒருவர் கம்பத்து வீடு கட்ட விரும்பினால், 3-4-5 கயிறும் நீர்க்குழாயும் மாறவில்லை. தூணின் அடியில் காரைப்பீடமும், மரம் ஈரத்தைத் தொடாதபடி தூக்கிப்பிடிக்கும் இரும்புத் தகடும் வந்துவிட்டன. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி வரைபடத்தை உள்ளூராட்சி மன்றத்திடம் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அதற்கும் முன்பாக, நிலப்பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அது வேளாண் நிலமா வீட்டு நிலமா என்று நில அலுவலகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோலகங்சாரில் அந்த அலுவலகத்தின் அருகே வேலியிட்ட ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் அவ்வூரில் நடப்பட்ட முதல் கன்றுகளில் எஞ்சியிருப்பது அது.