பன்னிரண்டு மரக்கால்



காவிரிப் படுகையின் மூத்தோருக்குக் ‘கலம்’ என்னும் சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மரக்கால் ஒரு பதக்கு. நான்கு மரக்கால் ஒரு தூணி. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இன்று நெல்லைக் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்குகின்றனர். மரக்காலோ பரணில் ஏறிவிட்டது. ஆயினும் களத்துமேட்டில் பங்கிடுவோருக்கு அக்கணக்கு தந்த வசதி பெரிது. பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டுமே பங்கிடலாம். பன்னிரண்டையோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எனப் பலவாறு மீதியின்றிப் பங்கிடலாம். அதன் இருபுறமும் நிற்கும் பதினொன்றும் பதின்மூன்றும் பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் அன்றி, வேறு எதனாலும் அவை வகுபடா.

இப்பங்கீட்டுக் குணத்தை உயர்கணிதமாக்கியவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் (1887-1920). கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் ஒழிந்த பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தவர் அவர். தமக்கு முன்வந்த எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்கள் எவை என்று அவர் ஆராய்ந்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவை தொடரும். இதுபற்றிய அவரது நெடுங்கட்டுரையை 1915-இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. அவ்வாய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது.

அவ்வெண்களைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால் ஓர் அழகிய ஒழுங்கு தென்படும். 60 என்பது 2×2×3×5. 840 என்பது 2×2×2×3×5×7. சிறியதிலிருந்து தொடங்கி, இடையில் எதுவும் விடுபடாமல் பகா எண்கள் வரிசையாக வருகின்றன. சிறிய எண் பெரியதைவிடக் குறைவான தடவை வருவதே இல்லை. இவ்வொழுங்கை மீறிப் பார்ப்போம். பன்னிரண்டு என்பது 2×2×3. அதில் மூன்றை விலக்கி ஐந்தை வைத்தால் இருபது கிடைக்கும். எண் பெருத்தது, காரணிகளோ முன்போல் ஆறே. சிறியதைத் தள்ளிய எண் உருவத்தில் வளர்ந்ததேயன்றிப் பங்கிடும் திறனில் வளரவில்லை.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. சில ஆண்டுகளுக்கு முன், நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினைக்கு நம்மை அழைத்தனர். பெற்றோர் இருவரும் உயில் எழுதாமல் இறைவனடி சேர்ந்திருந்தனர். நிலம் பன்னிரண்டு மா. ஆண்மக்கள் மூவர், ஆளுக்கு நான்கு மா என்று தாளில் எழுதியிருந்தனர். பெற்றோரை இறுதிவரை பேணிய, மணமாகாத மூத்த சகோதரி அடுக்களை வாசலில் நின்றார்.

“அக்காவுக்கு?” என்று கேட்டோம்.

“நாலாப் பிரிச்சா நிலம் துண்டு துண்டாப் போயிடும், சாமி” என்றார் ஆண்களில் மூத்தவர்.

“பன்னிரண்டு மூன்றால் வகுபடுவது போலவே நான்காலும் மீதியின்றி வகுபடும். ஆளுக்கு மூன்று மா, ஏறத்தாழ ஓர் ஏக்கர்” என்றோம். உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் மக்களுள் ஆண், பெண் என்னும் வேறுபாட்டை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் காட்டவில்லை என்பதை எடுத்துரைத்தோம்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு இளையவர் எழுந்து, தம் பெயருக்கு எதிரே இருந்த நான்கை அடித்து மூன்று என எழுதினார். மற்ற இருவரும் கையொப்பமிட மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. கணக்கில் அந்தச் சகோதரிக்கு முதலிலேயே இடமிருந்தது. மனங்களில் இடம் உண்டாகத்தான் காலம் பிடித்தது.

நம் ஆண்டவர் கையில் எடுத்தவை ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும். ஐந்தும் இரண்டும் பகா எண்களே. ஆயினும் அவர் பிட்டுக் கொடுக்க, ஐயாயிரம் ஆடவரும் அவர்தம் குடும்பத்தாரும் உண்டனர். எஞ்சியவை பன்னிரண்டு கூடைகள். உங்கள் இல்லங்களில் பங்கிடும் வேளை வரும்போது, எளியவரிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.