விலாசம் இல்லாத வீட்டிலிருந்து ஒரு கெம்பஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க வீட்டுல ஒரு சண்டை கட்டாயம் வரும். நல்ல போன் ஒன்றுதான், ஆள் மூன்று. மகளுக்குக் கார்ட்டூன் வேணும். அப்பாவுக்குக் கடை முதலாளி கோல் எடுப்பார். அம்மாவுக்கு எட்டரைக்கு சூம் வகுப்பு. கடைசியில அம்மாதான் ஜெயிப்பா. போனையும் கொப்பியையும் தூக்கிக்கிட்டு லயத்துக்கு மேல இருக்கிற தண்ணித் தொட்டிக்கு ஏறிப்போவா. சிக்னல் ரெண்டு கோடு அங்கதான் நிற்கும்.

இதை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுறோம், புருஷனும் பொண்டாட்டியும். இருக்கிறது வரக்காப்பொல பக்கம் ஒரு றப்பர் தோட்டம். ஒருத்தருக்கு டவுனில ஹாட்வெயார் கடையில வேலை, மற்றவருக்குக் கார்மெண்ட்ஸ். பல்கலைக்கழகப் பதிவு அம்மா பேரில. ஆனா பரீட்சை வந்தா வயிறு கலங்குவது எல்லாருக்கும்தான்.

ஏன் இவ்வளவு பிந்திப் படிக்கிறீங்க என்று கேட்பவர்களுக்கு நாங்க சொல்ற கதை ஒரு கடிதத்தைப் பற்றியது. உயர்தரம் முடித்த கையோடு அம்மா ஒரு டிப்ளோமாவுக்கு விண்ணப்பிச்சா. நேர்முகத்தேர்வுக் கடிதமும் வந்தது. வந்தது தோட்டத்து ஒபிசுக்கு. லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. எல்லார் கடிதமும் தோட்டத்துப் பேருக்கு மொத்தமா வந்து, பிறகு யாராவது போற வழியில கொண்டுவந்து கொடுப்பாங்க. எங்க கைக்குக் கிடைத்தபோது நேர்முகத்தேர்வு முடிஞ்சு நாலு நாள். அதுக்குப் பிறகு கார்மெண்ட்ஸ், கல்யாணம், மகள். படிப்பு என்ற பேச்சே எடுபடல.

2020இல கொரோனா வந்து கெம்பஸ் எல்லாம் போனுக்குள்ள வந்தது. பக்கத்து லயத்துத் தங்கச்சி வாசல்ல உட்கார்ந்து விரிவுரை கேட்பதைப் பார்த்தோம். அப்போதான் எங்களுக்கும் ஆசை திரும்ப வந்தது.

வேலை செய்துகொண்டே படிக்கும் வழி இங்க புதுசில்ல. இங்கிலாந்தில 1969இல திறந்த பல்கலைக்கழகம் ஆரம்பிச்சு, வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் பாடம் நடத்தினாங்க. நம்ம நாட்டில 1980இல நாவலையில இலங்கை திறந்த பல்கலைக்கழகம் வந்தது. சட்டமாணிப் பட்டத்தை அங்கே தமிழிலும் படிக்கலாம். ஆனா தொலைக்கல்வி என்றால் பல காலம் அச்சுப் புத்தகமும் தபாலும்தான். தபாலே ஒழுங்கா வராத லயத்துக்கு அது எங்க வரும்? ஒரு ஈமெயில் திறந்த அன்றைக்குத்தான் எங்களுக்கென்று ஒரு விலாசம் கிடைத்தது.

சட்டம்தான் படிக்கணும் என்று அம்மா பிடிவாதமா இருந்தா. ஒரு ராத்திரி 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தோம். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய சட்டம். மாமி மகளைத் தட்டித் தூங்கவச்சபடி கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "அந்தக் காயிதத்துக்குத்தானே எங்கப்பா கச்சேரிக்கும் தோட்டத்துக்கும் நடையா நடந்தாரு" என்றாங்க. 1964இல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல 35ஆம் இலக்கச் சட்டம் என்று நாங்க வருஷத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தோம். மாமிக்கு அது அவங்க அப்பா தேய்ச்ச செருப்பு. அந்தப் பாடம் எங்களுக்கு மறக்கவே இல்ல.

லேசாப் போன வருஷம் ஒன்றுகூட இல்ல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்க. அப்பா கடையில ஜெனரேட்டர் ஓடுற நேரம் போனைச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவருவார். அம்மா ஒப்படையை விளக்கு வெளிச்சத்தில கையால எழுதி, பிறகு படம் பிடிச்சு அனுப்புவா. மழை நாள்ல தொட்டிக்கு ஏறினா காலெல்லாம் அட்டை.

அதையெல்லாம்விடக் கஷ்டம் மகளுடைய முகம். ஒரு நாள் பாடசாலையில வீட்டைப் பற்றிப் படம் வரையச் சொல்லியிருக்காங்க. அப்பா, அப்பாயி, நாய், தான் என்று வரைஞ்சிருந்தா. "அம்மா எங்கடி?" என்றதுக்கு, "மேல தொட்டிகிட்ட" என்று தாளுக்கு மேல காட்டினா. நாங்க சிரிச்சோம். ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல. இந்தப் படிப்பை விட்டுடலாமா என்று அன்றைக்குத்தான் உண்மையாகவே பேசினோம்.

கொஞ்ச நாள்ல பரீட்சை. விடிஞ்சா கொழும்பு பஸ் பிடிக்கணும். மகளுக்கு நல்ல காய்ச்சல். அம்மா போகமாட்டேன் என்று உட்கார்ந்துட்டா. மாமிதான், "நான் மூணாம் வகுப்போட பால் வெட்டப் போனவ. காய்ச்சலை எனக்குப் பார்க்கத் தெரியும், நீ போ" என்று விரட்டினாங்க. போனா. எழுதினா. அந்தப் பாடம் பெயில். மகளுக்குக் காய்ச்சல் ரெண்டு நாள்ல விட்டது.

ஆன்லைன் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்றாங்க. உண்மைதான். ஆனா உள்ளே போக போன் வேணும், ரீலோட் காசு வேணும், பிள்ளையை மடியில வச்சிருக்க ஒரு ஆள் வேணும். மாமி இல்லாட்டி எங்களுக்கு அந்தக் கதவு பூட்டித்தான் கிடந்திருக்கும். தோட்டங்களில பெரும்பாலான பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். மாமி அதுக்குள்ள வாளியும் கத்தியும் எடுத்துட்டாங்க. அவங்க விட்ட இடத்திலிருந்துதான் நாங்க படிக்கிறோம்.

பெயிலான பாடத்துக்கு இந்த முறை திரும்பப் பதிஞ்சாச்சு. ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கோம்: வகுப்புக்கு மகளும் தொட்டிக்கு வருவா, கலர் பென்சிலோட. தோட்டத்தில இருந்து யாராவது இதை வாசிச்சுக்கிட்டு, நமக்கு வயசு போச்சு என்று நினைச்சா, முதல்ல ஒரு ஈமெயில் திறங்க. பிறகு வீட்டுல யார் பிள்ளையைப் பார்ப்பாங்க என்று கேளுங்க. விண்ணப்பப் படிவம் அதுக்குப் பிறகு.