ம்வாலிமுவின் கைக்கம்பு

தான்சானிய ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயின் கையில் எப்போதும் ஒரு குட்டைக் கம்பு இருக்கும். அதை எங்காவது மறந்து வைத்துவிட்டால் அன்றைக்கே ஆட்சி போய்விடும் என்று தார் எஸ் சலாமில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் நம்பினோம். வகுப்பறையிலும் மருந்துக் கடையிலும் முடிவெட்டும் இடத்திலும் அவர் படம் தொங்கும். படத்தில் கம்பைக் காணோமென்றால் சட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். ஜனாதிபதி என்று அவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ம்வாலிமு, அதாவது வாத்தியார். புகு பள்ளியில் பாடம் நடத்தியவர், விடுதலை இயக்கத்துக்காக 1955இல் அந்த வேலையை விட்டவர். 1961 டிசம்பரில் நாடு விடுதலை அடைந்தது.

அப்பாவும் வாத்தியார்தான், கணக்கு சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் போனவர். சுவாஹிலி கற்க அவர் பிடித்த வழி விசித்திரமானது. ஆட்சி வேலைகளுக்கு நடுவே நியரேரே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை சுவாஹிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டிருந்தார். அதையும் ஆங்கில மூலத்தையும் அருகருகே விரித்துவைத்து அப்பா ராத்திரியெல்லாம் படிப்பார். விளைவு, கரியாக்கூ சந்தையில் தக்காளிக்கு விலை கேட்டால்கூட ரோமாபுரிப் பிரபு பேசுவதுபோல இருக்கும். வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு இரண்டு தக்காளி கூடுதலாகப் போடுவார்கள். “இன்னும் நாலு பக்கம் படிச்சிட்டுப் போங்க, வெங்காயமும் வாங்கணும்” என்பாள் அம்மா.

நான் பள்ளிக்கு மட்டம் போட்டால் அப்பா உடனே நியரேரேயின் ஊரான பூட்டியாமா கிராமத்துக் கதைக்குப் போய்விடுவார். “அந்த மனுஷன் பன்னெண்டு வயசுலதாண்டா பள்ளிக்கூடத்தையே பார்த்தார்!” அப்படியானால் எனக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறதே என்று ஒருமுறை சொல்லி முதுகில் வாங்கிக்கொண்டேன். பள்ளியிலோ புத்தகத்தைவிட மண்வெட்டிக்குத்தான் மரியாதை. தற்சார்புக் கல்வி என்று 1967இல் நியரேரே வகுத்த திட்டப்படி மக்காச்சோளப் பாத்திக்குக் களை எடுத்தோம்.

1978 கடைசியில் உகாண்டா அதிபர் இடி அமீனின் படை எல்லைப்புறக் ககேராவுக்குள் புகுந்தது. வானொலியில் ம்வாலிமு பேசினார்: அடிக்கக் காரணம் இருக்கிறது, பலம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. மறுநாளிலிருந்து கோலிச் சண்டைகளில் எங்களுக்கும் அதுவே போர் முழக்கம். போரில் ஜெயித்தாயிற்று, ஆனால் சோப்பும் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் கடைகளிலிருந்து காணாமல் போயின. போர்ச்செலவு ஒரு காரணம். மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியமர்த்திய ம்வாலிமுவின் உஜாமா கொள்கை ஒரு காரணமில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் குடியிருப்பின் காவல்காரர் தெற்கே ம்ட்வாரா பக்கத்து ஆள். ம்ஸே என்று கூப்பிடுவோம், அங்கே பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். உஜாமா கிராமத்துக்குக் குடிபெயரச் சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். புது ஊரிலிருந்து அவருடைய முந்திரி மரங்களுக்கு அரைநாள் நடக்க வேண்டும். காய் பொறுக்க ஆளில்லாமல் தோப்பில் புதர் மண்டியது. இதையெல்லாம் கோபமில்லாமல் சொல்லுவார். அவர் கூண்டிலும் ம்வாலிமு படம் இருந்தது, பூஞ்சை பிடிக்காமல் துடைத்து வைத்திருப்பார். எனக்கு அது அப்போது புரியவில்லை, இப்போதும் பாதிதான் புரிகிறது.

1985இல் நியரேரே தானாகவே பதவியிலிருந்து இறங்கினார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் அப்படி நாற்காலியை விட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூட்டியாமாவுக்குப் போய் விவசாயம் பார்க்கப்போகிறார் என்று அப்பா செய்தி சொன்னதும் ம்ஸே வெகுநேரம் தலையாட்டினார்.

“அவரே ஊருக்குப் போகிறார் என்றால் எனக்கும் ஒரு மாதம் லீவு கொடுங்கள், ம்வாலிமு” என்று அப்பாவிடம் கேட்டார். “மரங்கள் எத்தனை மிச்சம் என்று பார்க்க வேண்டும்.”